நல்லவை இரண்டு கூடின்

பாலும் தேனும் தனித்தனியே இனியவை. இரண்டும் கலந்தால் பின்னும் இனியவை. இதனை நாள்தோறும் காணும் மக்கள், நல்லது ஒன்றோடு மற்றொரு நல்லது சேர்ந்தால் நன்மை இருமடங்காகும் என்று எண்ணிவிடுகின்றனர். உலக வாழ்வில் இவ்வெண்ணம் பலவிடத்தும் பொருந்துவதே. ஆயினும், மருந்து என்னும் துறையில் அஃது எப்பொழுதும் பொருந்துவதில்லை. தனித்து நின்ற காலத்து நன்மை செய்த இரண்டு பொருள்கள், உடம்பினுள் ஒன்றுகூடிய பின்னர்த் தீமை விளைத்தலும் உண்டு. அஃது எவ்வாறு நிகழ்கின்றது என்பதும், அதனின்று தப்பும் வழி யாது என்பதும் இளைஞர் யாவரும் அறியத்தக்கன.

இரண்டு புட்டிகள்

இக்காலத்து இல்லங்களில் மருத்துவரின் சீட்டு இல்லாமலே வாங்கப்பெறும் மாத்திரைகள் இருவகையாக உள்ளன. தலைவலி, காய்ச்சல், மூட்டுவலி முதலியவற்றுக்காக வாங்கும் வலிநீக்கிகள் ஒருவகை. ஆஸ்பிரின், பாரசிட்டமால், இபுப்ரோஃபன் என்பன அவற்றுள் பெயர் பெற்றவை. உடம்பு வலுப்பெறுதற்காக வாங்கும் உயிர்ச்சத்து மாத்திரைகள் மற்றொரு வகை. இவற்றை வைட்டமின் மாத்திரைகள் என்றும் வழங்குவர்.

முன்னதை மக்கள் மருந்து என்று மதித்து ஓரளவேனும் அஞ்சுகின்றனர். பின்னதையோ உணவு என்றே கருதி அஞ்சாது உண்கின்றனர். இவ்வேறுபாட்டிலேயே பிழை தொடங்குகின்றது. "நீவிர் உட்கொள்ளும் மருந்துகள் யாவை?" என்று மருத்துவர் வினவும்போது, நோயாளர் வலிநீக்கியின் பெயரைக் கூறுவர், உயிர்ச்சத்து மாத்திரையைக் கூறாது விடுவர். அவர் பொய் கூறுகின்றாரல்லர். அதனை மருந்தென்று அவர் எண்ணாமையே காரணம். ஆனால், உடம்பு பெயரைப் பார்ப்பதில்லை. பொருளையும் அளவையுமே பார்க்கின்றது. உணவு என்று எண்ணி உண்ட மாத்திரையும் குருதியிற் கலந்த பின்னர், அங்கு ஏற்கெனவே உள்ள மருந்தைச் சந்தித்தே தீரும்.

ஆஸ்பிரினின் வரலாறு

ஐரோப்பாவில் நீர்வளம் மிக்க இடங்களில் வளரும் வில்லோ என்னும் மரத்தின் பட்டை, காய்ச்சலைத் தணிக்கும் இயல்புடையது. இங்கிலாந்து நாட்டுப் பாதிரியாராகிய எட்வர்டு ஸ்டோன் என்பவர் அப்பட்டையை உலர்த்திப் பொடியாக்கிக் காய்ச்சலுற்ற ஏறத்தாழ ஐம்பது பேருக்குக் கொடுத்துப் பார்த்தார்; தாம் கண்ட பயனை 1763ஆம் ஆண்டில் இலண்டன் இராயல் கழகத்துக்கு எழுதி அறிவித்தார். அப்பட்டையின் சத்தோடு தொடர்புடைய சாலிசிலிக் அமிலம் வலியைத் தணித்தது. ஆயினும் வயிற்றை மிகவும் வருத்தியது. செருமனி நாட்டுப் பேயர் நிறுவனத்தின் வேதியியலாரான பெலிக்ஸ் ஹாஃப்மன் 1897ஆம் ஆண்டில் அவ்வமிலத்தின் கடுமையைக் குறைத்து, அசெட்டைல் சாலிசிலிக் அமிலம் என்னும் பொருளைத் தூய வடிவில் ஆக்கினார். அதுவே 1899இல் ஆஸ்பிரின் என்னும் பெயர் பூண்டு உலகெங்கும் பரவிற்று.

மக்கள் அதனைப் பல்லாண்டுகள் உண்டனர். ஆனால் அது வேலை செய்யும் முறையை அறிந்தாரிலர். 1971ஆம் ஆண்டில் ஜான் வேன் என்னும் ஆங்கில அறிஞரே அம்மறைபொருளை வெளிப்படுத்தினார். உடம்பில் காயமோ அழற்சியோ நேரும்போது புராஸ்டாகிளாண்டின் என்னும் பொருள்கள் அங்குத் தோன்றுகின்றன. வலியையும் வெப்பத்தையும் வீக்கத்தையும் மிகுவிப்பன அவையே. ஆஸ்பிரின் அவை உண்டாகாதவாறு தடுக்கின்றது. இதனைக் கண்டறிந்தமைக்காக வேன் 1982ஆம் ஆண்டில் நோபல் பரிசில் பங்குபெற்றார்.

ஆனால், புராஸ்டாகிளாண்டின்கள் வலியை மட்டும் விளைப்பனவல்ல. இரைப்பையின் உட்சுவரை அமிலம் அரிக்காதவாறு காப்பனவும் அவற்றுள் உள்ளன. அவற்றோடு உறவுடைய மற்றொரு பொருள், குருதியிலுள்ள தட்டணுக்களை ஒன்றுகூட்டிக் காயத்தின் வாயை அடைக்க உதவுகின்றது. களைக்குப் பாயும் நீரை நிறுத்த எண்ணி மதகை அடைத்தால் பயிருக்குப் பாயும் நீரும் நின்றுவிடுதல் போல, ஆஸ்பிரின் வலியைத் தடுக்கும்பொழுதே இரைப்பையின் காவலையும் குருதி உறையும் ஆற்றலையும் குறைத்துவிடுகின்றது. ஆஸ்பிரினால் ஒருமுறை ஆற்றல் இழந்த தட்டணு, தன் வாழ்நாளாகிய ஏறத்தாழப் பத்து நாளும் அவ்வாற்றலைத் திரும்பப் பெறுவதில்லை. குருதிக் குழாய்களில் அடைப்பு நேராமற் காத்தற்பொருட்டு இதய நோயாளர்க்குச் சிறிய அளவில் ஆஸ்பிரினை மருத்துவர் கொடுப்பதும் இக்குணம் பற்றியே. ஒரு குணமே ஓரிடத்தில் காவலாகவும் மற்றோரிடத்தில் இடராகவும் நிற்றல் காண்க.

உயிர்ச்சத்தின் வரலாறு

உயிர்ச்சத்துகளின் வரலாறும் சிறப்புடையது. சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டின் இறுதியில், சாவகத் தீவின் பட்டேவியா நகரில் கிறிஸ்டியான் எய்க்மன் என்னும் டச்சு மருத்துவர் பெரிபெரி என்னும் நோயை ஆராய்ந்துகொண்டிருந்தார். நன்கு தீட்டிய வெள்ளரிசியை உண்ட கோழிகள் கால் தளர்ந்து விழுந்தமையையும், தவிடு நீங்காத அரிசியை உண்டவை நலமுற்றமையையும் அவர் கண்டார். உணவில் மிகச் சிறிய அளவில் இருந்து உயிரைக் காக்கும் பொருள்கள் சில உண்டு என்னும் அறிவு இவ்வாறு வளர்ந்தது. 1912ஆம் ஆண்டில் காசிமிர் பங்க் என்னும் போலந்து நாட்டு அறிஞர் அவற்றுக்கு வைட்டமின் என்னும் பெயரின் முதல் வடிவத்தைச் சூட்டினார். எய்க்மன் 1929இல் நோபல் பரிசு பெற்றார்.

அமெரிக்காவில் ஹெர்பர்ட் எவான்ஸ், காதரின் பிஷப் என்னும் இருவர் 1922ஆம் ஆண்டில் எலிகளைக் கொண்டு செய்த ஆராய்ச்சியால் ஈ என்னும் உயிர்ச்சத்து அறியப்பட்டது. டென்மார்க்கு நாட்டு ஹென்ரிக் டாம் என்பார் கோழிக்குஞ்சுகளின் உடலில் குருதிக் கசிவு நேர்ந்தமையை ஆராய்ந்து, குருதி உறைதற்கு இன்றியமையாத மற்றோர் உயிர்ச்சத்து உண்டென அறிந்தார்; 1935ஆம் ஆண்டில் அதற்குக் கே என்று பெயரிட்டார்.

உயிர்ச்சத்துகள் இருவகைப்படும். பி, சி என்பன நீரிற் கரைவன. அவற்றுள் மிகுந்தவை பெரும்பாலும் சிறுநீரோடு கழிந்துவிடும். ஏ, டி, ஈ, கே என்பன கொழுப்பிற் கரைவன. அவை விரைந்து கழியாமல் உடம்பில் தங்கும் இயல்புடையன. எனவே, கொழுப்பிற் கரையும் உயிர்ச்சத்தை மாத்திரை வடிவில் மிகுதியாக உண்பவர் பெரிதும் கருத்துடையராதல் வேண்டும். வளர்ந்த ஒருவருக்கு ஒரு நாளைக்கு வேண்டும் உயிர்ச்சத்து ஈ ஏறத்தாழ 15 மில்லிகிராம் என்பர். நிலக்கடலை, சூரியகாந்தி எண்ணெய், கீரை முதலியவற்றால் அதனைப் பெறலாம். கடையில் விற்கும் மாத்திரை ஒன்றிலோ 400 மில்லிகிராம் வரை அச்சத்து அடங்கியிருத்தல் உண்டு. உணவு என்று பெயர் பெற்றது அளவினால் மருந்தாகிவிடுகின்றது.

பின்லாந்தில் கண்ட உண்மை

ஆஸ்பிரினும் உயிர்ச்சத்து ஈயும் ஒருவர் உடம்பிற் கூடியபோது நிகழ்ந்ததனைப் பின்லாந்து நாட்டு ஆராய்ச்சி ஒன்று காட்டிற்று. காய்கறிகளையும் கனிகளையும் மிகுதியாக உண்பவர்க்குப் புற்றுநோய் குறைவாக வருகின்றது என்பதனை அறிஞர் முன்னரே கண்டிருந்தனர். அவ்வுணவிலுள்ள சத்துகளை மாத்திரையாகக் கொடுத்தால் புகைபிடிப்போரையும் நுரையீரற் புற்றுநோயினின்று காக்கலாம் என்று அவர்கள் நம்பினர். அந்நம்பிக்கையைச் சோதிக்கும் பொருட்டு, 1985 முதல் 1988 வரை, பின்லாந்தின் தென்மேற்குப் பகுதியில் 50 முதல் 69 வயது வரையுள்ள புகைபிடிக்கும் ஆடவர் 29,133 பேர் சேர்க்கப்பட்டனர். அவர்கள் நான்கு குழுவினராகப் பிரிக்கப்பட்டனர். முதற் குழுவினர் நாள்தோறும் 50 மில்லிகிராம் உயிர்ச்சத்து ஈ உண்டனர். இரண்டாம் குழுவினர் கேரட் முதலியவற்றிலுள்ள பீட்டா கரோட்டின் என்னும் சத்தினை 20 மில்லிகிராம் உண்டனர். மூன்றாங் குழுவினர் இரண்டனையும் உண்டனர். நான்காங் குழுவினர் சத்து யாதும் இல்லாத வெறும் மாத்திரையை உண்டனர். எவர் எதனை உண்கின்றார் என்பது உண்பவர்க்கும் தெரியாது, கொடுப்பவர்க்கும் தெரியாது. மனச்சார்பு முடிவைத் திரித்துவிடாமற் காக்க அறிஞர் மேற்கொள்ளும் முறை இது.

1994ஆம் ஆண்டில் முடிவு வெளிவந்தபோது மருத்துவ உலகம் வியப்புற்றது. பீட்டா கரோட்டின் உண்டவர்க்கு நுரையீரற் புற்றுநோய் குறையவில்லை. நூற்றுக்குப் பதினெட்டு விழுக்காடு மிகுந்திருந்தது. உயிர்ச்சத்து ஈ நுரையீரலைக் காக்கவில்லை. அதனை உண்டவருள் மூளையிற் குருதி கசிந்து இறந்தவர் தொகை சற்று மிகுந்திருந்தது. நன்மை கருதிக் கொடுத்தவை நன்மை செய்யாமையோடு நில்லாமல், சிலர்க்குத் தீமையும் செய்தன.

இவ்வாராய்ச்சியிற் பங்குகொண்டவருள் 409 பேரின் ஈறுகளைப் பல் மருத்துவர் தனியே சோதித்தனர். ஈற்றை மெல்லிய கருவியால் தொட்டு, எத்தனை இடங்களிற் குருதி கசிகின்றது என்று எண்ணினர். அந்த 409 பேருள் சிலர் வலிக்காகவோ இதயத்துக்காகவோ ஆஸ்பிரினும் உண்டு வந்தனர். 1998ஆம் ஆண்டில் வெளிவந்த முடிவு இது: இரண்டனுள் எதனையும் உண்ணாதவரின் ஈறுகளில் தொட்ட இடங்களில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கிற் குருதி கசிந்தது, ஆஸ்பிரினை மட்டும் உண்டவர்க்குக் கசிவு சிறிதே மிகுந்தது, இரண்டனையும் சேர்த்து உண்டவர்க்கோ ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கிற் கசிந்தது. எல்லாரினும் மிகுதியாகக் குருதி கசிந்தது, நல்லவை இரண்டனையும் கூட்டி உண்டவர்க்கே.

ஈற்றிற் கசியும் குருதி சிறிது. அதனால் உயிர்க்கு இடர் இல்லை. ஆயினும், கண்ணுக்குத் தெரியும் ஈற்றில் நிகழ்வது, கண்ணுக்குத் தெரியாத இரைப்பையிலும் மூளையிலும் நிகழக்கூடும் என்பதே அஞ்சத்தக்கது. இவ்வாராய்ச்சியிற் பங்குகொண்டவர் முதிய ஆடவர், புகைபிடிப்பவர். அவர்க்கு நேர்ந்தது எல்லார்க்கும் அவ்வாறே நேரும் என்று துணிதல் அறிவுடைமையன்று. ஆனால், அவர் உண்ட அளவு நாளொன்றுக்கு 50 மில்லிகிராமே என்பதையும், கடையில் விற்கும் மாத்திரை ஒன்றில் அதனினும் எட்டு மடங்கு இருத்தல் கூடும் என்பதையும் மறத்தலும் அறிவுடைமையன்று.

காரணம் யாது?

உடம்பில் ஒரு சிறு குருதிக்குழாய் அறுபட்டால், குருதி வீணே ஒழுகிவிடாமல் மூன்று காவலர் தடுக்கின்றனர். அறுபட்ட குழாய் தானே சுருங்குதல் முதற் காவல். தட்டணுக்கள் ஓடிவந்து ஒன்றோடொன்று ஒட்டி அவ்விடத்தை அடைத்தல் இரண்டாங் காவல். நூல் போன்ற புரதம் வலையாகப் பின்னி அவ்வடைப்பை உறுதிசெய்தல் மூன்றாங் காவல்.

ஆஸ்பிரின் இரண்டாங் காவலைத் தளர்த்துகின்றது. உயிர்ச்சத்து ஈ மிகுந்தால், அதுவும் தட்டணுக்கள் ஒட்டும் ஆற்றலைக் குறைக்கின்றது. மேலும், உயிர்ச்சத்து கேயின் வேலைக்கும் இடையூறு செய்கின்றது. கல்லீரல் குருதியை உறையச்செய்யும் புரதங்கள் சிலவற்றை ஆக்குதற்கு உயிர்ச்சத்து கே வேண்டும். ஆதலின், மூன்றாங் காவலும் தளர்கின்றது. ஒரு காவலர் அயர்ந்தாலும் மற்றவர் விழித்திருப்பின் வீடு பிழைக்கும். இருவரும் ஒருங்கே அயர்ந்தால் வீட்டின் நிலை யாதாகும்? உறைவெதிர் மருந்தாகிய வார்ஃபரின் உண்பவர்க்கு இவ்விடர் இன்னும் பெரிது. அம்மருந்து உயிர்ச்சத்து கேயின் வேலையைத் தடுத்தே பயன் தருவது. அவர் உயிர்ச்சத்து ஈயை மிகுதியாக உண்டால் குருதிக் கசிவு மிகும். உயிர்ச்சத்து கே அடங்கிய மாத்திரையைத் திடீரென உண்டால் மருந்தின் பயன் குன்றும்.

கூட்டின் தீமையை அறியும் வழியும் இதனால் புலனாகின்றது. இரண்டு மாத்திரைகளின் பெயர்களை நோக்கினால் போதாது. இரண்டும் உடம்பில் எவ்வேலையைச் செய்கின்றன என்று நோக்குதல் வேண்டும். இரண்டும் ஒரே காவலைத் தளர்த்துமாயின், அவற்றின் அளவைத் தனித்தனியே எண்ணாமல் சேர்த்தே எண்ணுதல் வேண்டும்.

மறைந்து நிற்கும் மருந்து

பாரசிட்டமாலின் இயல்பு வேறு. 1878ஆம் ஆண்டிலேயே ஆக்கப்பட்ட அப்பொருளின் பயனை அமெரிக்க அறிஞராகிய பிராடியும் ஆக்சல்ராடும் 1948இல் தெளிவாக்கினர். அது 1955இல் அமெரிக்காவிலும், 1956இல் பிரிட்டனிலும் கடைகளுக்கு வந்தது. அஃது ஆஸ்பிரினைப் போல இரைப்பையை வருத்துவதில்லை. குருதி உறைதலையும் பெரிதும் தடுப்பதில்லை. சாதாரண அளவுள்ள உயிர்ச்சத்து மாத்திரையோடு உரிய அளவிற் பாரசிட்டமாலை உண்பதால் பெரும்பாலோர்க்குத் தீங்கு இல்லை.

அதன் இடர் கல்லீரலில் உள்ளது. உண்ட பாரசிட்டமாலிற் சிறு பகுதி கல்லீரலில் நச்சுப்பொருளாக மாறுகின்றது. குளுட்டாதயோன் என்னும் பொருள் அந்நஞ்சை உடனே முறித்துவிடுகின்றது. அளவு கடந்து உண்டால் குளுட்டாதயோன் தீர்ந்துபோகும். எஞ்சிய நஞ்சு கல்லீரலை அழிக்கும். முதல் நாளில் நோயாளர் நலமுற்றவர் போலவே காணப்படுதல் இந்நஞ்சின் கொடுமை. அசெட்டைல்சிஸ்டீன் என்னும் மாற்று மருந்து உண்டு. ஆனால் அது காலந்தாழ்த்தாமல், எட்டு மணி நேரத்திற்குள் கொடுக்கப்பட்டாற்றான் முழுப்பயன் தரும். ஆகவே, அளவு மிகுந்துவிட்டது என்று தெரிந்த அந்நொடியிலேயே, உடம்பில் யாதொரு துன்பமும் இல்லாவிடினும், மருத்துவமனைக்குச் செல்லுதல் வேண்டும். உணவின்றி மெலிந்தவர்க்கும் மது அருந்துவோர்க்கும் இவ்விடர் மிகுதி.

நலமுள்ள வளர்ந்தோர்க்கு ஒரு நாளின் உச்ச அளவு நான்கு கிராம். அஃதாவது 500 மில்லிகிராம் மாத்திரைகள் எட்டு. ஒரு வேளைக்கும் மறு வேளைக்கும் இடையே நான்கு மணி நேரமேனும் செல்லுதல் வேண்டும். சிறுவர்க்குரிய அளவு உடலெடையைப் பொறுத்தது. அதனை மருத்துவரே வரையறுப்பர்.

இவ்வளவை அறிந்தவரும் தவறுதற்கு ஒரு காரணம் உண்டு. சளிக்கும் காய்ச்சலுக்கும் விற்கப்பெறும் கூட்டு மருந்துகள் பலவற்றுள் பாரசிட்டமால் மறைந்து நிற்கின்றது. வெந்நீரிற் கரைத்துப் பருகுமாறு எலுமிச்சைச் சுவையுடன் சில நாடுகளில் விற்கும் தூள்களில் உயிர்ச்சத்து சியும் பாரசிட்டமாலும் ஒருங்கே உள்ளன. பருகுபவர் அதனை உயிர்ச்சத்து நீர் என்று எண்ணுவர்; தலைவலி நீங்கவில்லையென்று தனியே ஒரு பாரசிட்டமால் மாத்திரையும் உண்பர். அவர் ஒரே மருந்தை இருமுறை உண்டதை அவரே அறியார். இத்தகைய இடரைக் குறைத்தற்பொருட்டு, 1998ஆம் ஆண்டில் பிரிட்டன், சிறு கடைகளில் ஒரு பெட்டிக்குப் பதினாறு மாத்திரைக்கு மேல் விற்றல் கூடாது என வரையறுத்தது. இந்திய அரசு 2011ஆம் ஆண்டில், பிற மருந்துகளோடு கலந்து ஆக்கப்பெறும் மாத்திரையிற் பாரசிட்டமால் 325 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது என அறிவித்தது.

வேறு சில கூட்டுகள்

இரும்புச் சத்துக் கலந்த உயிர்ச்சத்து மாத்திரையும் ஆஸ்பிரினும் இரைப்பையை வருத்துவன. அன்றியும், இரும்புச் சத்து மலத்தைக் கரிய நிறமாக்கும். இரைப்பையிற் குருதி கசிந்தாலும் மலம் கரிய நிறமாகும். இரும்பினால் வந்த கருமை என்று எண்ணிக் குருதிக் கசிவைக் கவனியாது விட்டால் கேடு பெரிதாகும்.

உயிர்ச்சத்து டி அளவு கடந்தால் குருதியிற் சுண்ணச்சத்து மிகுந்து சிறுநீரகத்தைத் தாக்கும். இபுப்ரோஃபன் சிறுநீரகத்துக்குச் செல்லும் குருதியோட்டத்தைக் குறைக்கவல்லது; உடம்பில் நீர் வற்றியவர்க்கும் முதியவர்க்கும் அத்தீங்கு மிகுதி. இரண்டனையும் நெடுநாள் ஒருங்கே உண்பவர் மருத்துவரின் கண்காணிப்பின்றி உண்ணலாகாது. நீரிற் பொங்கிக் கரையும் மாத்திரைகளிற் சோடியம் மிகுதியாக உண்டு. குருதி அழுத்த நோயாளர் வலிநீக்கியையும் உயிர்ச்சத்தையும் அவ்வடிவிலே உண்டால், தாம் அறியாமலே உப்பை மிகுதியாக உண்டவராவர்.

கூட்டு யாவும் தீயன என்று கொள்ளுதலும் தவறே. நியாசின் என்னும் உயிர்ச்சத்தை மருத்துவர் பெருமளவிற் கொடுக்கும்பொழுது முகம் சிவந்து எரிச்சல் உண்டாதல் இயல்பு; அதற்குச் சற்று முன்னர் ஆஸ்பிரின் கொடுத்து அவ்வெரிச்சலை அவர் தணித்தல் உண்டு. அறிந்து கூட்டினால் நன்மை; அறியாது கூட்டினால் தீமை.

இளைஞர் தனியே அறியவேண்டுவன இரண்டு. சளிக்காய்ச்சலோ அம்மையோ கண்ட சிறுவர்க்கு ஆஸ்பிரின் கொடுத்தலாகாது. ஆஸ்திரேலிய மருத்துவராகிய டக்ளஸ் ரை என்பார் 1963ஆம் ஆண்டில் விளக்கிய, மூளையையும் கல்லீரலையும் தாக்கும் கொடிய நோய், அத்தகைய சிறுவர்க்கு ஆஸ்பிரினோடு தொடர்புற்று வருதல் பின்னர் அறியப்பட்டது. டெங்குக் காய்ச்சலில் தட்டணுக்கள் இயல்பாகவே குறைதலால், ஆஸ்பிரினும் இபுப்ரோஃபனும் அந்நோயில் விலக்கத்தக்கன. மழைக்காலத்துக் காய்ச்சல் எதுவாயினும், அஃது இன்னதென்று தெளிவதற்கு முன்னர் அம்மாத்திரைகளைத் தொடாதிருத்தலே நன்று.

மேற்கொள்ள வேண்டிய நெறிகள்

மாத்திரை வாங்கியவுடன் அதன் வணிகப் பெயரை மட்டும் நோக்காது, கீழே சிறிய எழுத்தில் அச்சிடப்பட்டுள்ள மருந்தின் பெயரையும் அளவையும் படித்தல் முதல் நெறி. வணிகப் பெயர் நூறாக இருப்பினும் உள்ளேயுள்ள பொருள் ஒன்றாக இருத்தல் கூடும்.

இல்லத்தில் ஒவ்வொருவரும் உட்கொள்ளும் மாத்திரை யாவற்றையும், உயிர்ச்சத்தையும் விடாமல், ஒரு தாளில் எழுதி வைத்தல் இரண்டாம் நெறி. மருத்துவரிடத்தும் மருந்துக் கடையிலும் அத்தாளைக் காட்டுதல் வேண்டும். அறுவை மருத்துவம் செய்யும் முன்னும் பல் பிடுங்கும் முன்னும் இதனை மறத்தலாகாது.

உணவினாற் பெறக்கூடிய சத்தினை உணவினாலேயே பெறுதல் மூன்றாம் நெறி. கீரையும் பருப்பும் கனியும் உண்பவர்க்கு 400 மில்லிகிராம் மாத்திரைக்குத் தேவை அரிதே. பின்லாந்தில் மாத்திரை தோற்றது, உணவு தோற்கவில்லை.

மருத்துவர் இதயத்துக்கென்று கொடுத்த ஆஸ்பிரினை அச்சத்தால் தாமாகவே நிறுத்தாதிருத்தல் நான்காம் நெறி. அதனைத் திடீரென நிறுத்தினால் அடைப்பு நேர்தல் கூடும். நிறுத்தலும் குறைத்தலும் மருத்துவர்க்கே உரியன. வினவுதல் நோயாளர்க்கு உரியது.

ஈற்றிலோ மூக்கிலோ காரணமின்றிக் குருதி கசிதல், உடம்பில் நீலத் தழும்பு தோன்றுதல், மலம் கரிய நிறமாதல், கண்கள் மஞ்சள் நிறமாதல் ஆகிய அடையாளங்களுள் ஒன்று காணினும், உண்ட மாத்திரைகளோடு உடனே மருத்துவரை அடைதல் ஐந்தாம் நெறி.

வீட்டின் காவல்

பாட்டனாரின் கண்கள் மங்கியிருக்கலாம். மாத்திரைப் பெட்டியின் சிறிய எழுத்து அவர்க்குத் தெரியாது. இதயத்துக்கென்று மருத்துவர் கொடுத்த ஆஸ்பிரினை அவர் காலையில் உண்கின்றார். அயலூரில் வேலை பார்க்கும் மகன் அன்போடு வாங்கியனுப்பிய உயிர்ச்சத்து மாத்திரையை இரவில் உண்கின்றார். மருத்துவர் தம் கடமையைச் செய்தார். மகன் தன் அன்பைக் காட்டினான். இருவர் மேலும் குற்றம் இல்லை. இரண்டு பெட்டிகளையும் ஒருங்கே வைத்துப் படித்துப் பார்ப்பவர் ஒருவர் இல்லாமையே குறை. பள்ளியில் எழுத்தறிந்த பேரனோ பேத்தியோ அதனைப் படித்து, "இவ்விரண்டையும் சேர்த்து உண்ணலாமா என்று மருத்துவரைக் கேட்போம், தாத்தா" என்று சொல்லுதல் கூடும். கல்வி உயிரைக் காக்கும் என்பது இத்தகைய சிறு செயல்களாலேயே மெய்ப்படுகின்றது.

அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பது பழமொழி. அமிர்தம் இரண்டு கலத்தில் இருந்தால், அளவை ஒவ்வொரு கலத்துக்கும் தனித்தனியே பார்த்தல் போதாது. இரண்டனுக்கும் சேர்த்தே பார்த்தல் வேண்டும்.

பயிற்சி

1. உயிர்ச்சத்து மாத்திரையை மருத்துவரிடம் நோயாளர் கூறாது விடுதற்குக் காரணம் யாது?
2. ஆஸ்பிரினின் ஒரு குணமே காவலாகவும் இடராகவும் நிற்றலை விளக்குக.
3. பின்லாந்தில் 409 பேரின் ஈறுகளைச் சோதித்ததனால் அறியப்பட்ட உண்மை யாது?
4. குருதியைக் காக்கும் மூன்று காவலர் யாவர்? ஆஸ்பிரினும் உயிர்ச்சத்து ஈயும் அவருள் எவரைத் தளர்த்துகின்றன?
5. பாரசிட்டமாலின் அளவு மிகுந்தவர், துன்பம் தோன்றுமுன்னரே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டுவது ஏன்?
6. உங்கள் இல்லத்திலுள்ள பெரியவர் ஒருவர் உட்கொள்ளும் மாத்திரைகளின் மருந்துப் பெயர்களையும் அளவுகளையும் படித்து, ஒரு தாளில் எழுதி அவரிடம் கொடுக்க.